வீதிக்கு ஒரு பொதுக் கம்பி



எங்கள் துடியலூர்ப் பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றால் முன்பெல்லாம் தண்ணீர் பற்றித்தான் பேச்சு வரும். இப்போது தண்ணீருக்கு அடுத்தபடியாக இன்டர்நெட் வந்துவிட்டது. மகனுக்கு வீட்டிலிருந்து வேலை, பேத்திக்குப் பாடம், என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு வருடா வருடம் உயிர்வாழ் சான்று. எல்லாமே அந்த ஒரு கம்பி வழியாகத்தான். சாயங்காலம் வேகம் குறைந்தால் வீதியே முணுமுணுக்கிறது. "ஏனுங்க சார், ஆளுக்கொரு கனெக்‌ஷன் வாங்கி ஆளுக்கொரு பில் கட்டறதுக்கு, வீதிக்கே சொந்தமா ஒண்ணு வெச்சுக்கிட்டா என்னங்க?" என்று இளவட்டங்கள் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்பதெல்லாம் கம்பி, பெட்டி, வேகம் பற்றிய கேள்விகள். அவற்றை இன்று காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். பத்து வருடம் கழித்தும் "இது நம்முடையது" என்று நினைக்கும் ஐம்பது வீடுகளைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்த ஆதரவு எப்படிச் சேர்கிறது, எதனால் கலைந்து போகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கூட்டுக் கிணறும் கூட்டுறவும்

கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பொதுச் சொத்து புதிதல்ல. ஆறில்லாத மேட்டுக்காட்டில் கிணறு வெட்ட ஒருவரால் ஆகாதபோது அண்ணன் தம்பிகளோ, பக்கத்துக் காட்டுக்காரர்களோ சேர்ந்து வெட்டினார்கள். கிணற்றில் இன்னாருக்கு இத்தனை பங்கு, இன்ன நாள் இன்னார் முறை என்று கணக்கு இருக்கும். முறை தவறினால் சண்டை வரும். கோர்ட் வரைக்கும் போன கிணறுகளும் உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நின்றது. தண்ணீர் குறையும்போது யார் எவ்வளவு எடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருந்ததுதான் காரணம். இன்டர்நெட்டும் அப்படித்தான். ஐம்பது வீடும் ஒரே நேரத்தில் கிரிக்கெட் பார்த்தால் கிணறு வற்றத்தான் செய்யும்.

அடுத்தது கூட்டுறவு. 1904-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்து ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயச் சொல்லியிருந்தது. அதே 1904-ல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பணக்காரர் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான் என்ற விதிதான் இந்தச் சங்கங்களின் உயிர். நம்மூரில் 'டியுகாஸ்' என்று சுருக்கிச் சொல்லும் கூட்டுறவு நிறுவனத்தை அறியாத விவசாயி இருக்க முடியாது. உரம் முதல் மளிகை வரைக்கும் விற்ற நிறுவனம் அது. எனவே "பொதுவில் வைத்தால் உருப்படாது" என்று துடியலூர்க்காரர் யாரும் சொல்லக் கூடாது.

கேபிள் வந்த கதை

பொதுவில் வைக்காமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1991 வளைகுடாப் போரை டிஷ் ஆன்டெனா வைத்துப் பார்த்த காலத்தில் தொடங்குகிறது அது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்ததும் கேபிள் வேகம் பிடித்தது. மொட்டை மாடியில் ஒரு டிஷ், தென்னை மரத்திலும் மாடிக் கைப்பிடியிலும் கட்டிய கறுப்புக் கம்பி, மாதக் காசு வாங்க சைக்கிளில் வரும் ஒரு பையன். அவ்வளவுதான் கேபிள் கம்பெனி. எந்தப் பெரிய நிறுவனமும் வராத வீதிகளுக்கு உள்ளூர்க்காரர்களே கம்பி இழுத்தார்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் சுவரில் ஆணி அடிக்க விட்டார்கள், மரத்தில் கட்ட விட்டார்கள். இடமும் நம்முடையது, ஆதரவும் நம்முடையது.

ஆனால் கம்பி ஒருவருடையது. 1995-ல் கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, பிறகு கட்டணச் சேனல்கள் பெருகி, மேலிருந்து சிக்னல் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் கைக்குக் கட்டுப்பாடு போனபோது வீதிக்காரர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, நாம் வெறும் வாடிக்கையாளர்கள். 2007-ல் தமிழக அரசே அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. 2011-ல் மாதம் 70 ரூபாய் என்று கட்டணம் வைத்தது. தனியார் போய் அரசு வந்தாலும் வீதிக்காரர் இடம் மாறவில்லை. மாதக் காசு கொடுப்பவராகவே நின்றார்.

அந்த 1995 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று ஒரு தீர்ப்பில் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். இன்று ஒரு புகைப்படம் இறங்கும் நேரத்தில் அன்று ஒரு வரி இறங்கியிருந்தால் அதிர்ஷ்டம்.

புதுச்சேரிக் கிராமங்கள் போட்ட நிபந்தனை

இன்டர்நெட்டை ஊர்ப்பொதுவாக வைத்து நடத்திய முதல் முயற்சிகளில் ஒன்று நம் தமிழ் மண்ணில்தான் நடந்தது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியோடு, புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அறிவு மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் ஒரு தலைமை மையம். அங்கே தொலைபேசி வழியாக இன்டர்நெட். அங்கிருந்து ஏம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குக் கம்பியில்லாத ரேடியோ மூலம் செய்தி போகும். கரன்ட் அடிக்கடி போனதால் சூரிய சக்தியும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழில்நுட்பம் இன்று பழசு. அவர்கள் செய்த வரிசை மட்டும் பழசாகவில்லை. கம்ப்யூட்டரை இறக்குவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய், "உங்களுக்குத் தகவல் இப்போது யாரிடமிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், சந்தை வியாபாரி என்று பதில் வந்தது. என்ன தகவல் வேண்டும் என்று கேட்டபோது ஒவ்வொரு ஊரும் ஒவ்வொன்றைச் சொன்னது. விவசாய ஊருக்கு இடுபொருள் விலையும் அரசு உதவிகளும். மீனவர் ஊருக்குக் கடல் நிலவரம்.

அதற்குப் பிறகு நிபந்தனை. இடத்தை ஊர் இலவசமாகத் தர வேண்டும். பார்த்துக்கொள்ளத் தன்னார்வலர்களை ஊரே தர வேண்டும். சாதி வேறுபாடு பார்க்காமல், ஆண் பெண் பேதமில்லாமல், யாரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். இவற்றுக்குச் சம்மதித்தால்தான் பெட்டி வரும்.

கடைசி நிபந்தனையை நான் முக்கியமாக நினைக்கிறேன். 'ஊர்ப்பொது' என்ற வார்த்தையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பொதுக் கிணற்றில் எல்லோரும் இறைத்தார்களா, பொதுச் சாவடியில் எல்லோரும் உட்கார்ந்தார்களா என்று கேட்டால் நம் பெரியவர்கள் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். ஊருக்குச் சொந்தம் என்று சொன்னால் மட்டும் போதாது, ஊர் என்றால் யார் யார் என்பதையும் முதல் நாளே பேசியாக வேண்டும். புதுச்சேரியில் அதைப் பேசினார்கள்.

வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் வங்கக் கடல் அலை உயர முன்னறிவிப்பைத் தினமும் எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மீனவருக்கும் அது பயன்பட்டது. கரையில் நின்று காதால் கேட்டால் போதும்.

2004 டிசம்பர் 26 காலை. நல்லவாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தி தெரிந்து ஊருக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்துக்கு ஓடி, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்கள் தப்பின. அங்கே காப்பாற்றியது இன்டர்நெட் வேகம் இல்லை. மையம் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவசரத்தில் பூட்டை உடைக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. நம்முடையது என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது.

மேலூர் சொல்லும் பாடம்

இதே காலத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து 2001-ல் கிராமங்களில் இன்டர்நெட் நிலையங்கள் திறந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கூட்டுச் சேர்ந்திருந்தன. பெரும்பாலான நிலையங்களை அந்தந்த ஊர் ஆட்களே தொழிலாக நடத்தினார்கள். தாலுகா ஆபீஸ் சான்றிதழுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டருக்குக் கண்ணைப் படம் எடுத்து அனுப்பலாம். அருமையான யோசனை.

ஆனால் சில ஆண்டுகளிலேயே நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்கள்: வருமானம் கட்டுப்படியாகவில்லை, பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை, சான்றிதழ் சேவைக்கு ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்தச் சேவை படுத்துவிட்டது. நல்ல அதிகாரி ஒருவரை நம்பி நிற்கும் எதுவும் அவருடைய மாற்றல் உத்தரவோடு முடிந்துவிடும். முப்பது வருடம் அரசுப் பணியில் இருந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரி மையங்களும் வெளிப் பணத்தில்தான் ஓடின என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊர் கொடுத்தது இடமும் உழைப்பும். பெட்டிக்கும் ரேடியோவுக்கும் பணம் வேறிடத்திலிருந்து வந்தது. அப்படியானால் ஊரே பணமும் போட்டு நடத்த முடியாதா? அதற்குப் பதில் நம் மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே இருக்கிறது.

ஓடந்துறை வாங்கிய காற்றாலை

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி போகும் வழியில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. 1996-ல் ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் கரன்ட் பில் வருடா வருடம் ஏறி ஊராட்சிப் பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் சின்னதாக ஆரம்பித்தார்கள். சில பகுதிகளில் சூரிய சக்தி விளக்கு. 2003-ல் மரக்கழிவை எரித்து மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் எந்திரம். செலவு குறைவதை ஊர் தன் கண்ணால் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய அடி. 2006-ல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சிச் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஓடந்துறையில் அவ்வளவு காற்று கிடையாது. அதனால் உடுமலைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். அங்கே உற்பத்தியாகும் கரன்ட் மின்வாரியக் கம்பியில் ஏறும். ஊராட்சியின் தேவைக்குக் கழித்தது போக மிச்சம் வாரியத்துக்கு விற்பனை. அந்த வருமானத்திலிருந்தே கடனைக் கட்டினார்கள்.

நமக்கு இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டியதில்லை. கரன்ட் போகும் கம்பி வாரியத்துடையது, காற்றாலை மட்டும் ஊராட்சியுடையது. எது நம் கையில் இருந்தால் பேரம் பேச முடியுமோ அது நம்முடையதாக இருந்தால் போதும். இரண்டாவது, ஒன்றரைக் கோடிக் காற்றாலைக்கு ஊர் தலையாட்டியது எடுத்தவுடனே இல்லை. பத்து வருடம் சின்னச் சின்ன மிச்சத்தைக் கணக்கில் காட்டிய பிறகு.

வெளிநாட்டு விவசாயிகள் தோண்டிய குழி

இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பெரிய கம்பெனிகள் வேகமான இன்டர்நெட் கொடுக்க முன்வரவில்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கட்டுப்படியாகாது என்றார்கள். 2011-ல் ஊர்க்காரர்கள் 'பார்ன்' என்ற சங்கத்தை ஆரம்பித்துப் பங்கு விற்றார்கள். காட்டுக்காரர்கள் தங்கள் நிலத்தின் வழியே கம்பி போக இலவசமாக இடம் கொடுத்தார்கள். தாங்களே குழி தோண்டினார்கள். தோண்டிய கூலியைப் பணமாக வாங்காமல் சங்கத்தின் பங்காகவும் எடுத்துக்கொள்ளலாம். நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் அந்தப் பண்ணை வீடுகளுக்குக் கிடைத்தது. ஸ்பெயினில் கட்டலோனியாவில் 2004-ல் தொடங்கிய 'குய்ஃபி' வலைப்பின்னலும் இதே மாதிரி; அக்கம்பக்கத்தார் கூரைக்குக் கூரை ஆன்டெனா வைத்துப் பல்லாயிரம் இணைப்புகளாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1930-களில் கரன்ட்டுக்காக விவசாயிகள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கங்களில் பல இன்று அதே கம்பங்களில் கண்ணாடி இழைக் கம்பி இழுக்கின்றன. எண்பது வருடம் கரன்ட் பில் கணக்கை ஒழுங்காக வைத்திருந்த சங்கத்தை நம்பி மக்கள் அடுத்த வேலையையும் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் 2005-ல் வைஃபைக்கான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு விலக்கு கொடுத்தது. அதை வைத்து 2010-ல் மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியில், சேலை நெய்யும் ஊரில், ஒரு தொண்டு நிறுவனம் உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து கம்பியில்லா இணைப்பு அமைத்தது. பழுது வந்தால் டெல்லியிலிருந்து ஆள் வரக் காத்திருக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பயிற்சியின் நோக்கம்.

சரி, துடியலூரில்?

முதலில் சட்டம். நாலு வீடு சேர்ந்து இன்டர்நெட் வாங்கி நாற்பது வீட்டுக்குக் கம்பி இழுத்து விற்பதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். சும்மா இழுத்துவிட முடியாது. ஆனால் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வானி திட்டத்தில், ஒரு மளிகைக் கடையோ சங்கக் கட்டடமோ உரிமமில்லாமல், கட்டணமில்லாமல் பொது வைஃபை நடத்தலாம். பதிவு செய்த ஓர் ஒருங்கிணைப்பு நிறுவனத்தோடு சேர்ந்தால் போதும். ஒரு காலத்தில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் வீதிக்கு வீதி இருந்ததே, அதே யோசனைதான். என்னைப் போன்றவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

இரண்டாவது, நமக்கு ஓடந்துறை மாதிரி ஊராட்சி இல்லை. துடியலூர்ப் பேரூராட்சி 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கிராம ஊராட்சிகளுக்கு அரசின் கண்ணாடி இழைத் திட்டம் என்றால் அது நம் வாசல் வரைக்கும் வராது. கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதும் மேடை நம்மிடமிருந்து ஒரு படி தள்ளிப் போய்விட்டது. 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுக்குள் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில்தான் இந்தப் பேச்சு நடக்க வேண்டும்.

பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? வேகத்திலிருந்து ஆரம்பித்தால் ஏற்கெனவே நல்ல இணைப்பு வைத்திருப்பவர் எழுந்து போய்விடுவார். புதுச்சேரியில் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்: யாருக்கு எது கிடைக்கவில்லை? கேட்டுப் பார்த்தால் பதில்கள் வரும். 2020 ஊரடங்கில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகள் நம் வீதிகளிலும் இருந்தன. சான்று எடுக்க வெயிலில் வங்கிக்கு நடக்கும் மூதாட்டிகள் இருக்கிறார்கள். ஆகவே ஐம்பது வீட்டுக்குக் கம்பி என்று தொடங்காமல், சங்கக் கட்டடத்திலோ நூலகத்திலோ ஒரு பொது இணைப்பு, ஒரு கம்ப்யூட்டர், சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம். தன்னார்வம் ஒரு வருடம் தாங்கும். ஐந்து வருடம் தாங்காது. மாதம் ஒரு முறை வரவு செலவைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அதில் மிச்சம் தெரிந்தால் பெரிய யோசனைக்கு வீதி தானாகவே காது கொடுக்கும்.

மூன்றாவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நம் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய. மதுரை, திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள், பட்டறைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்கள். ஊரில் இருக்கும் குடும்பத்தோடு பேச இன்டர்நெட் மிக அதிகமாகத் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். ஆனால் பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்களில் வீட்டுச் சொந்தக்காரர்தான் உறுப்பினர். போன மாதம் ஒரு பேச்சில் இதை எடுத்தபோது பெரியவர் ஒருவர், "அவிய இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க. அவியளுக்கு எதுக்குங்க பங்கு?" என்றார். மரியாதையோடு நான் சொன்ன பதில் இது: "அவிய போனாலும் அந்த வீட்டுக்கு இன்னொருத்தர் வருவாருங்க. பங்கு வீட்டுக்குப் போகட்டும், யார் குடியிருந்தாலும் ஓட்டு அவருக்கு." அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்.

இந்தக் கேள்வியைத் தீர்க்காமல் கம்பி வாங்கினால் கேபிள் கதையே திரும்ப நடக்கும். ஒருவர் கையில் இருந்தது ஒரு பத்துப் பேர் கையில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தீர்த்துவிட்டால் கம்பி எப்போது வேண்டுமானாலும் வரட்டும், அவசரமில்லை. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் குடியிருப்பவரையும் கூட்டி வந்தால் நன்றாக இருக்கும்.